மேசைக்குள் அடங்கிய தீவு: போரை மறுத்த குருவும் அவருடைய ட்ராம் பாதையும்

1940களின் தொடக்கம். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரத்தின் தென் ஓரத்தில் கிங்ஸ் நோர்ட்டன் என்ற பகுதி. ஜேர்மன் விமானங்களுக்கு வெளிச்சம் தெரியக்கூடாது என்பதற்காக வீட்டு ஜன்னல்கள் எல்லாம் இரவில் மூடப்பட்டிருக்கின்றன. ஒரு வீட்டில் சின்னமுத்து வந்த சிறுவன் ஒருவன் இருட்டறையில் படுத்திருக்கிறான். பக்கத்தில் இருக்கும் தகப்பன் அவனுக்குக் கதை சொல்கிறார். கொட்டகையில் தனித்துவிடப்பட்ட ஒரு பழைய புகையிரத எஞ்சினின் கதை. சிறுவன் அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். நேற்றுச் சொன்னதில் ஒரு சொல் மாறினாலும் பிடித்துவிடுகிறான். தகப்பன் வேறு வழியின்றி, பாவித்து முடிந்த தாள்களின் பின்புறத்தில் கதையை எழுதி வைக்கிறார்.

மகனுக்கு எஞ்சின் ஒன்றும் வேண்டும். கடையில் விளையாட்டுப் பொருள் இல்லை. உலோகம் எல்லாம் போருக்குப் போய்விட்டது. தகப்பன் ஒரு தும்புத்தடிக் கம்பையும் மரத்துண்டுகளையும் எடுத்து ஒரு சிறிய எஞ்சினைச் செய்து நீல வர்ணம் பூசுகிறார். மகன் உண்மையில் கேட்டது பெரிய கடுகதி எஞ்சின். அதைச் செய்ய வீட்டில் இருந்த மரம் போதாது. அதனால்தான் அது சிறியதானது. அதற்கு வைத்த பெயர் தோமஸ்.

தொண்ணூறுகளில் வடக்கில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இந்த இடம் விளக்கம் இல்லாமலே புரியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரியே கிடைக்காதபோது, பற்றரியில் ஓடும் பொம்மையை யார் நினைப்பார்கள்? பால்மாப் பேணியும் தேய்ந்த செருப்பில் வெட்டிய சில்லும்தான் எங்கள் வாகனங்கள். பனங்காயில் தடி செருகி ஒழுங்கையெல்லாம் உருட்டினோம். 1990 ஜூன் மாதத்தோடு யாழ் தேவி நின்றுபோனது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. கோச்சி என்பது அப்பா, அம்மா சொல்லும் கதைக்குள் மட்டும் ஓடிய ஒன்று.

தும்புத்தடியில் எஞ்சின் செய்த அந்தத் தகப்பனின் பெயர் வண. வில்பேர்ட் ஓட்ரி. தோமஸ் என்ற நீல எஞ்சினை இன்று உலகம் முழுக்கக் குழந்தைகள் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதைப் படைத்தவர் போருக்குத் துணைபோக மறுத்து இடம் இழந்த ஒரு குரு என்பதும், ஒரு துறைமுகக் கரையில் கண்ட ட்ராம் எஞ்சினுக்காக மேசையளவு இடத்தில் ஒரு பாதையையே திட்டமிட்டவர் என்பதும் பலருக்குத் தெரியாது.

வரவில்லாத அண்ணன்

ஓட்ரி 1911 ஜூன் 15 இல், இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள ஆம்ப்ஃபீல்ட் கிராமத்தின் குருமனையில் பிறந்தார். தந்தை வெர் ஓட்ரி அங்கிலிக்கன் குருவானவர். புகையிரதத்தின் மீது பெரும் பித்துக் கொண்டவர். குருமனை வளவிலேயே 40 யார் நீளத்துக்கு ஒரு மாதிரிப் புகையிரதப் பாதையை அமைத்திருந்தார். தண்டவாளம் போடுகிற தொழிலாளர்களோடு பேசப் போகும்போது மகனையும் கூட்டிச் செல்வார்.

வில்பேர்ட்டுக்கு மூன்று வயதாக இருக்கும்போது முதலாம் உலகப் போர் வந்தது. தந்தையின் முந்தைய மணத்தில் பிறந்த அண்ணன் கரோல், ரோயல் மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவில் இளம் அதிகாரி. போர் தொடங்கிச் சில வாரங்களில், 1914 ஓகஸ்ட் 27 அன்று, பிரான்சின் எத்ரூ என்ற இடத்தில் பின்வாங்கும் படைக்குக் காவலாக நின்று கொல்லப்பட்டார். அந்த இழப்பு வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. பின்னாளில் வில்பேர்ட் ஓட்ரி எந்தப் போரையும் ஏற்க மறுத்தபோது, இந்த அண்ணனின் நினைவும் அந்த மறுப்புக்குள் இருந்தது.

பிறகு குடும்பம் வில்ட்ஷயரின் பொக்ஸ் கிராமத்துக்கு இடம்பெயர்ந்தது. அவர்களின் வீடு, பெயர்பெற்ற பொக்ஸ் சுரங்கத்தின் மேற்கு வாயிலிலிருந்து ஏறத்தாழ 200 யார் தூரத்தில். அங்கே பாதை ஏற்றமானது. பாரமான சரக்குப் புகையிரதம் வந்தால், பின்னாலிருந்து தள்ள இன்னொரு எஞ்சின் வேண்டும். இரவில் படுக்கையில் கிடந்தபடி அந்த இரண்டு எஞ்சின்களும் மூச்சுவாங்கி ஏறுவதைக் கேட்ட சிறுவனுக்கு, அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வது போலவே இருந்தது. முன்னது முடியாது என்று முனகும், பின்னது முடியும் என்று தேற்றும். அவர் பிறகு எழுதிய எல்லாவற்றுக்கும் விதை அதுதான்.

ஒக்ஸ்போர்டில் படித்தார். 1933 முதல் 1936 வரை ஜெருசலேமில் புனித ஜோர்ஜ் பாடசாலையில் ஆசிரியராக இருந்தார். 1936 இல் இங்கிலாந்து திரும்பிக் குருவாகத் திருநிலைப்பட்டார். 1938 இல் மார்கிரட்டை மணந்தார்.

மறுத்ததன் விலை

1939 இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது ஓட்ரி வில்ட்ஷயரின் வெஸ்ட் லவிங்டனில் உதவிக்குருவாக இருந்தார். போரை எந்த நியாயத்தாலும் கிறிஸ்தவன் ஏற்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. அதை அவர் மறைக்கவில்லை. நாடே ஹிட்லருக்கு எதிராக எழுந்து நின்ற நேரம் அது. பங்கின் பொறுப்புக் குரு அவரை விலகச் சொன்னார். வேறு இடங்களிலும் கதவு திறக்கவில்லை. கடைசியில், தானும் போர் மறுப்பாளராக இருந்த பேர்மிங்ஹாம் ஆயர் ஏர்னஸ்ட் பார்ன்ஸ்தான் அவருக்குக் கிங்ஸ் நோர்ட்டனில் இடம் கொடுத்தார். அதே 1940 இல் மகன் கிறிஸ்டோபர் பிறந்தான்.

அந்த நிலைப்பாடு சரியா என்று இன்றும் விவாதிக்கலாம். நாசிகளை ஆயுதம் இல்லாமல் யார் நிறுத்தியிருப்பார்கள் என்ற கேள்விக்கு எளிய விடை கிடையாது. ஆனால் சொந்தச் சனமே கோழை என்று பார்க்கும்போது ஒரு மனிதன் தன் மனச்சாட்சியோடு நிற்பது எத்தகைய தனிமை என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. அந்த மறுப்பு அவரைப் பாதுகாப்பான இடத்துக்கும் கொண்டு போகவில்லை. பேர்மிங்ஹாம் ஆயுதத் தொழிற்சாலைகளின் நகரம். குண்டுவீச்சில் அங்கே 2,000 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போரை மறுத்த குரு, போரால் அடிபட்ட சனங்களுக்கு நடுவில்தான் பணிசெய்தார்.

மகனுக்குச் சொன்ன கதைகளைப் புத்தகமாக்கும்படி வற்புறுத்தியவர் மார்கிரட். முதல் புத்தகம் 1945 மே மாதத்தில், ஐரோப்பாவில் போர் முடிந்த அதே மாதத்தில் வெளிவந்தது. தும்புத்தடி எஞ்சின் தோமஸ் 1946 இல் வந்த இரண்டாவது புத்தகத்தில் நுழைந்தான். அந்தப் புத்தகங்களில் தண்டனை உண்டு. கர்வம் பிடித்த எஞ்சின் ஒன்று சுரங்கத்துக்குள் வைத்துச் சுவர் எழுப்பி அடைக்கப்படுகிறது. கடுமைதான். ஆனால் பிழை செய்த எந்த எஞ்சினும் பழைய இரும்புக்குப் போவதில்லை. திருந்தியதும் வேலைக்குத் திரும்ப இடம் கிடைக்கிறது. போர் மறுப்பாளர் ஒருவரின் நம்பிக்கை அந்தக் குழந்தைக் கதைகளுக்குள் இருந்தது இந்த வடிவத்தில்தான்.

துறைமுகக் கரையில் ஒரு பெட்டி

1946 இல் கேம்பிரிட்ஜ் அருகே எல்ஸ்வேர்த் பங்குக்கு மாறினார். 1950களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு கிழக்குக் கரையிலுள்ள கிரேட் யார்மத்துக்கு விடுமுறைக்குப் போனபோது, துறைமுகக் கரை வீதியில் ஒரு விநோதமான வாகனத்தைக் கண்டார்கள். பார்த்தால் மரத்தாலான பெரிய பெட்டி. நாற்புறமும் ஜன்னல். சில்லு எதுவும் வெளியே தெரியாது. ஆனால் அது நீராவியில் ஓடும் எஞ்சின். சரக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு, மீன்பிடிப் படகுகளுக்கும் வீதியில் போகும் சனங்களுக்கும் இடையில் மெதுவாக ஊர்ந்தது.

அந்த உருவத்துக்குக் காரணம் சட்டம். வேலி இல்லாத பொது வீதியில் ஓடும் எஞ்சினில் மனிதரும் மாடும் அடிபடக் கூடாது. எனவே சில்லுகளைப் பக்கத் தகடுகளால் மூட வேண்டும், முன்னும் பின்னும் தடுப்பு வைக்க வேண்டும், வேகம் கட்டுப்படுத்தப்பட வேண்டும். ஜே70 என்ற வகுப்பைச் சேர்ந்த அந்த எஞ்சின், 1952 இல் வந்த ஏழாவது புத்தகத்தில் டோபி ஆனது. தோமஸுக்குப் பக்கத் தகடு இல்லை என்று பொலிஸ்காரர் மறித்ததால்தான், தகடு உள்ள டோபிக்குத் தோமஸின் தீவில் வேலை கிடைக்கிறது.

1953 இல் ஓட்ரி நோர்ஃபோக்கின் எம்னெத் பங்குக்கு வந்தார். பக்கத்து ஊர் விஸ்பெச், நீன் ஆற்றங்கரைத் துறைமுக நகரம். அங்கிருந்து அப்வெல் கிராமம்வரை 6 மைலுக்குச் சற்றுக் குறைவான ஒரு ட்ராம் பாதை, கால்வாயையும் வீதியையும் ஒட்டி ஓடியது. 1883 இல் தொடங்கியது. பயணிகள் சேவை 1927 முடிவோடு நின்றுவிட்டது. பிறகு ஏற்றியதெல்லாம் பழமும் மரக்கறியும் நிலக்கரியும். ஓட்ரி வந்துசேர்ந்தபோது டோபியைப் போன்ற நீராவி எஞ்சின்கள் அந்தப் பாதையில் இல்லை. டோபியின் புத்தகம் வெளிவந்த அதே 1952 இல் டீசல் எஞ்சின்கள் அவற்றின் இடத்தைப் பிடித்திருந்தன.

இடம் குறைந்தால் எதை வைப்பது?

குருமனையில் ஓட்ரி ஒரு மாதிரிப் பாதையை அமைத்தார். ஃபார்குவார் என்பது அதன் பெயர். கதையில் வரும் தோமஸின் கிளைப் பாதையின் கடைசி நிலையம் அது. அங்கிருந்து கல்லுடைக்கும் இடத்துக்கு டோபியின் ட்ராம் பாதை பிரியும். 1959 இல் அதைப் பற்றி மாதிரிப் புகையிரதச் சஞ்சிகையிலும் கட்டுரை வந்தது.

மாதிரிப் பாதை திட்டமிடுகிறவர் முதலில் மோதுவது கணக்கோடு. ஓட்ரி பாவித்த அளவில், உண்மையான பொருள் 76 இல் ஒரு பங்காகச் சுருங்கும். அப்படிச் சுருக்கினாலும் ஒரு மைல் என்பது 21 மீற்றர். விஸ்பெச் பாதையை முழுதாகச் செய்ய 120 மீற்றருக்கு மேல் வேண்டும். எந்த வீட்டு அறையிலும் அது அடங்காது. எனவே உள்ளதை அப்படியே சுருக்குவது திட்டம் ஆகாது. எதை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பதே திட்டம்.

இங்கேதான் துறைமுக ட்ராம் பாதை கைகொடுக்கிறது. மேசையில் தண்டவாளத்தை வளைத்தே ஆகவேண்டும். நீண்ட கடுகதிப் புகையிரதம் அத்தகைய வளைவில் திரும்பினால் பாம்பாட்டிபோல் தெரியும். ஆனால் துறைமுகத்தில் பண்டகசாலையின் மூலையைச் சுற்றி எஞ்சின் உண்மையிலேயே அப்படித்தான் வளைந்து போகும். எஞ்சினும் குட்டையானது, பின்னால் வருவதும் நான்கைந்து பெட்டிகள். பெரிய மேடை வேண்டாம், வேலி வேண்டாம். தண்டவாளம் வீதிக்குள்ளேயே புதைந்திருக்கும்.

அடுத்தது ஓரங்கள். பலகையின் முன் விளிம்பில் துறைமுகச் சுவரை வைத்தால், நாலு விரல் அகலத் தண்ணீர் போதும். மீதிக் கடலைப் பார்ப்பவரின் கண் போட்டுக்கொள்ளும். பின் விளிம்பில் பண்டகசாலைகளின் முகப்பு மட்டும் போதும், முழுக் கட்டடம் தேவையில்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள சந்துக்குள் தண்டவாளம் நுழைந்தால், அதற்கப்பால் ஒரு நகரமே இருப்பதாக மனம் நம்பிவிடும். உண்மையில் அந்தச் சந்துக்குப் பின்னால் இருப்பது மறைவான சில பக்கத் தண்டவாளங்கள்தான். வண்டிகள் அங்கே காத்திருந்து, நேரம் வந்ததும் திரும்பி வரும்.

ஓட்ரியும் இதே வழியைத்தான் பிடித்தார். நிலையம் கண்ணுக்கு முன்னால், மீதி உலகம் பின்தட்டிக்கு அப்பால். கதையின் நிலப்படத்தில், கிளைப் பாதையின் மறுமுனையில் நாப்ஃபோர்ட் துறைமுகம் இருக்கிறது. மேசையில் அந்தத் துறைமுகம் தெரியவேண்டிய அவசியம் இல்லை. கல் ஏற்றிய பெட்டிகள் மறைந்துபோய் வெறுமையாகத் திரும்பி வருகின்றன. அதுவே எங்கோ ஒரு கப்பல் நிற்பதற்குச் சாட்சி.

மூன்றாவது, வேலை. சின்னப் பாதையில் ஒரு வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் காரணம் இருக்க வேண்டும். இந்தப் பெட்டியில் நிலக்கரி, அது எந்த மேடைக்குப் போகும்? காலியான பெட்டியை எடுத்தால்தானே நிறைந்த பெட்டியை உள்ளே விடலாம்? எஞ்சின் பின்பக்கம் மாறிப் பூட்ட இடம் இருக்கிறதா? ஓட்ரி தன் மேசைக்கு நேர அட்டவணையே வைத்திருந்தார். தீவு எங்கே இருக்கிறது, எந்த ஆறு எங்கே ஓடுகிறது, எந்தப் பாதை எப்போது போடப்பட்டது என்பதையெல்லாம் தம்பி ஜோர்ஜோடு இருந்து வகுத்தார். கதைக்கும் படத்துக்கும் இடையில் முரண் கண்ட சிறுவர்கள் கடிதம் எழுதிக் கேட்பார்கள். பிள்ளை கேட்டால் விடை இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். படம் வரைந்தவர்களோடு சண்டை வரும் அளவுக்குப் பிடிவாதம். அந்தக் கறார் சிலருக்குக் கசந்தது. ஆனால் அது இல்லாமல் ஒரு மேசை, தீவாகியிருக்காது.

நான்காவது, தூக்கிப் போகக்கூடியதாக இருக்க வேண்டும். ஓட்ரி தன் பாதையை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. கண்காட்சிகளுக்குக் கொண்டுபோய், முன்பின் அறியாத பிள்ளைகளுக்கு முன்னால் தோமஸையும் டோபியையும் ஓட்டிக் காட்டினார்.

இடக் குறைவைப் பற்றிக் கவலைப்படாத இன்னொரு குருவும் அவருக்கு நண்பர். லெஸ்ரர்ஷயரின் கேட்பி கிராமத்தில் வண. டெடி பொஸ்டன், தன் குருமனைத் தோட்டத்திலேயே உண்மையான சிறிய நீராவி எஞ்சினை ஓட்டினார். பாதையின் நீளம் ஏறத்தாழ 100 யார்தான். சனங்கள் அதைப் பார்க்கத் தூரத்திலிருந்தும் வந்தார்கள்.

மிஞ்சியது

வெளியே உண்மையான எஞ்சின்கள் பழைய இரும்புக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. 1966 இல் விஸ்பெச் ட்ராம் பாதை முழுதாக மூடப்பட்டது. 1968 ஓகஸ்டில் பிரித்தானியப் பிரதான பாதைகளில் நீராவிச் சேவை முடிவுக்கு வந்தது. ஜே70 எஞ்சின்களில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும் என்று எவரும் முந்திக்கொள்ளவில்லை. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஓட்ரி வெறுமனே கவலைப்பட்டு இருக்கவில்லை. வேல்ஸில் மூடப்படவிருந்த தலிலின் பாதையை 1951 இல் தொண்டர்கள் பொறுப்பேற்றார்கள். அப்படித் தொண்டர்களால் காப்பாற்றப்பட்ட உலகின் முதல் புகையிரதப் பாதை அது. அவர் அங்கே காட் வேலை பார்த்தார். அந்தப் பாதையைத் தன் கதைகளுக்குள் கொண்டுவந்து, பிள்ளைகளைப் பெற்றோரோடு அங்கே வரவழைத்தார்.

1965 இல் பங்குப் பணியிலிருந்து ஓய்வுபெற்று குளோஸ்ரர்ஷயரின் ஸ்ட்ரவுட் அருகே குடியேறினார். 1972 இல் வந்த 26 ஆவது புத்தகமே அவர் அந்த வரிசையில் எழுதிய கடைசிப் புத்தகம். அதில் அவர் மறுபடியும் போய் நின்றது ட்ராம் எஞ்சின்களிடம். பிறகு வரிசையைத் தொடர்ந்தவர், சின்னமுத்து வந்து படுத்திருந்த அந்த மகன் கிறிஸ்டோபர். மார்கிரட் 1989 இல் காலமானார். வில்பேர்ட் ஓட்ரி 1997 மார்ச் 21 அன்று, தனது 85 ஆவது வயதில் மறைந்தார். தலிலின் பாதையின் டைவின் நிலையத்திலுள்ள அருங்காட்சியகத்தில், அவர் எழுதிய அறை அவருடைய பொருட்களோடு மீள அமைக்கப்பட்டிருக்கிறது.

எங்கள் பாதை திரும்பி வந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம்வரை, 2015 ஜனவரியில் காங்கேசன்துறைவரை. நிலையங்கள் புதியவை, தண்டவாளம் புதியது. ஆனால் 1990 இற்கு முந்திய பாதை, துறைமுகம்வரை போன அந்தப் பழைய பாதை, வயதானவர்களின் பேச்சில் மட்டும்தான் இருக்கிறது. அவர்களும் குறைந்துகொண்டு போகிறார்கள்.

யாராவது ஒருவர், இங்கேயோ புலம்பெயர்ந்த நாட்டு அடுக்குமாடி வீட்டிலேயோ, அதை மேசையில் வைக்க நினைத்தால், முழுப் பாதையும் அடங்கப் போவதில்லை. ஆறடிப் பலகைதான் இருக்கும். எந்த இடத்தை வைப்பது? கடவையா, மேடையில் இருந்த வாங்கா, கடற்காற்றில் கறள் பிடித்த கடைசித் தண்டவாளமா? பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் இன்றைக்கே கேட்டுக் குறித்து வையுங்கள். பலகையைப் பிறகும் வாங்கலாம்.